கோட்டைப் படத்தின் கீழ் ஓரம்

வெள்ளி, இரவு.

இப்போதுதான் மூச்சு சீராக வருகிறது. ஆற்காட்டில் பழைய சாமான் கடையில் வாங்கிய வேலூர்க் கோட்டை அச்சுப்படம், ஹாலில் மாட்டியிருக்கும் மற்ற பழைய படங்களை விட எனக்கு உசத்தி. நடுவில் ஒரு மடிப்புதான் உறுத்தியது. காலையில் எங்கள் தோல் தொழிற்சாலையில், தோலை அழுத்தும் பிரஸ்ஸில் நிற்கும் சேகரிடம் கொடுத்தேன்.

"சூடு கம்மியா வெச்சு ஒரு அழுத்து. போய்டும்ணா."

மதியம் பார்க்கிறேன், அவன் பக்கத்தில் அடுக்கியிருந்த தோலெல்லாம் முதலைச் செதில். காலையில் பிரஸ்ஸில் ஓடியது, சாதாரணத் தோலில் முதலைச் செதில் போலப் பதிக்கும் அச்சு ப்ளேட். கோட்டை போச்சு என்று ஓடினேன்.

"இன்னாணா இப்படி வேர்க்குது? காலி ஓரத்தத்தான் மொதல்ல வெச்சுப் பார்த்தேன். செதில் வுழுந்துச்சு. அப்புறம் வழவழ ப்ளேட் மாட்டித்தான் முழுசா அழுத்தினேன்."

மடிப்பு இல்லை. படத்துக்குக் கீழே, வெள்ளை ஓரத்தில் மட்டும் விரல் அகலத்துக்குச் செதில். அதை மறைத்துச் சட்டம் போட்டுவிடலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மனைவி ஸ்டெல்லா தடவிப் பார்த்தாள். "அந்தக் காலத்துல கோட்டை அகழியில முதலை வுட்டிருந்தாங்கன்னு சொல்வாங்கல்ல. சரியான எடத்துலதான் வந்து படுத்திருக்கு."

சட்டம் போடுபவரிடம் ஓரத்தை மறைக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.