ராத்திரிச் சோற்றுக்குச் சுட்ட மீன்

உத்திரமேரூர்
19.9.2002

அன்புள்ள என் கணவருக்கு,

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். கையெழுத்தைப் பார்த்ததும் உங்கள் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம் என்று நினைத்துத்தான் பிரித்திருப்பீர்கள். அது முன்பே வந்து சேர்ந்திருக்கும். இது நானாக எழுதுவது. நீங்கள் துபாய்க்கு விமானம் ஏறிய பிறகு நானாக எழுதும் முதல் கடிதம். போனில் பேசலாம் என்றால் பூத் வாசலில் நாலு பேர் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். கண்ணாடிக் கதவு இருந்தும் எனக்கு நாக்கு எழுவதில்லை. அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒளிவு மறைவு இல்லை.

இங்கே மாமாவும் அத்தையும் நன்றாக இருக்கிறார்கள். மாமாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டு விட்டு வருகிறது. சொன்னால் கேட்காமல் வரப்பு வெட்டப் போகிறார். ஏரியில் தண்ணீர் கொஞ்சம்தான் இருக்கிறது. மதகுப் பக்கம் நடவு நடக்கிறது, அத்தை தினமும் போகிறார்கள். மேற்குப் பக்கத்துக் கூரையில் போன மழைக்கு ஒழுகியதை மாமா தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட்டார். அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆடி மாதம் உங்கள் அம்மா சொல்லி எழுதிய கடிதத்தில், மருமகள் இருட்டின பிறகு வீட்டுக்கு வருகிறாள், ராத்திரிச் சோறு ஆவதற்குள் உங்கள் அப்பா பசியோடு தூங்கிவிடுகிறார் என்று இருந்ததே, அதை எழுதியதும் என் கைதான். அத்தை சொன்ன பேச்சை எழுத்தாக்கினேனே தவிர, பொருளை மாற்றவில்லை. நீங்கள் போட்ட பதிலையும் நான்தான் படித்துக் காட்டினேன். "அப்படி ஒரு வேலை நமக்கு வேண்டாம், கிறிஸ்துமஸோடு நின்றுவிடச் சொல்லு" என்ற வரி வந்தபோது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. ஆனாலும் விடாமல் படித்தேன். அத்தை வெற்றிலையை மடித்தபடி, "அவனே சொல்லிட்டான், இனிமே நான் இன்னா சொல்றது" என்றார்கள். மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் யோசித்துப் பார்த்தேன். அத்தையின் குறை வேலையைப் பற்றியது அல்ல, சோற்றைப் பற்றியது. நான் கணக்கு எழுதும் நெல் மண்டியை முதலாளி கௌஸ் பாய் சாத்தும்போதே பொழுது போய்விடுகிறது. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, மிளகாய் தனியா அரைத்து, புளி கரைத்து, குழம்பு கொதித்து இறங்குவதற்குள் மாமா பாயில் சுருண்டுவிடுகிறார். காலையில் வடிக்கிற சோறு ராத்திரிக்கும் இருக்கிறது. அதற்குத் தொட்டுக்கொள்ள ஒன்று சீக்கிரம் ஆக வேண்டும், அவ்வளவுதானே?

அப்போதுதான் நீங்கள் போன வருடம் எழுதியது ஞாபகம் வந்தது. உங்கள் ஓட்டலில் வெள்ளை மீனுக்கு உப்பும் எலுமிச்சம்பழமும் தவிர வேறொன்றும் சேர்ப்பதில்லை, அப்படியே கம்பிமேல் போட்டுச் சுட்டுக் கொடுத்துவிடுவோம், அவசரப்பட்டுப் புரட்டி மீன் உடைந்தால் பெரிய சமையல்காரர் எல்லாருக்கும் முன்னால் கத்துகிறார் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் வருத்தத்தில் எழுதினீர்கள். நான் அதைச் சமையல் குறிப்பாக எடுத்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ராணியம்மாள் என்று ஒருத்தர் சாயங்காலம் ஏரி ஜிலேபி மீன் வைத்து விற்கிறார். பேரம் பேச எனக்குக் கூச்சம். "இன்னாம்மா மீனையே பாத்துக்கினு கீற, அது ஒன்னாண்ட பேசுமா?" என்று அவரே எடுத்துக் கொடுத்தார். பாத்திரக் கடையில் அப்பளம் சுடுகிற கம்பி வலை ஒன்று வாங்கினேன். கருங்கல்லில் செதிலை உரசி, சேற்று வாடை போக உப்பும் மஞ்சளும் தேய்த்துக் கழுவி, மிளகும் பூண்டும் நசுக்கித் தடவி, அடுப்பில் தணலை ஒதுக்கி வலைமேல் வைத்தேன். கருகிவிடுமோ என்ற பயத்தில் உடனே புரட்டினேன். தோல் வலையோடு நின்றுவிட்டது, சதை பாதி தணலில் விழுந்துவிட்டது. பொறுக்கி எடுத்துச் சாம்பலைத் தட்டிப் பரிமாறினேன். மாமா முழுவதும் சாப்பிட்டுவிட்டு, "மீனு நல்லா கீதும்மா. சாம்பலுதான் கொஞ்சம் தூக்கல்" என்றார்.

அத்தை தொடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவர்கள், "அறுப்புக்குப் போன எடத்துல சட்டி இல்லாம, எண்ண இல்லாம, வைக்கோலக் கொளுத்தி வாய்க்கா மீனச் சுட்டுத் துன்னவ நான். வரப்புமேல நின்னுக்கினு நெலத்துக்காரனுங்க சிரிப்பானுங்க. படிச்ச மருமவ வந்து இந்த வூட்ல எண்ண மெதக்கற கொயம்பு வெப்பான்னு பாத்தா, நீயும் சுட்டதத்தான் போடறியா?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

எனக்குத் தெரியாதுங்க. சுட்ட மீன் என்றால் நீங்கள் எழுதிய ஓட்டல்தான் எனக்குத் தெரியும். எங்கள் அம்மாவும் அறுப்புக்குப் போனவர்தான், ஆனால் அங்கே என்ன சாப்பிட்டார் என்று நான் கேட்டதே இல்லை. அன்று அத்தை பட்டினி கிடந்தது என்னால்தான்.

இருந்தாலும் நான் விடவில்லை. மறுநாளே கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் மிதக்கக் குழம்பு வைக்கிறேன், வேலை நாளில் மட்டும் சுட்டதைச் சாப்பிடுங்கள் அத்தை என்றேன். இவ்வளவு நீளமாக அவர்களிடம் நான் பேசியது அதுதான் முதல் தடவை. வேண்டாம் என்று அத்தை தடுக்கவில்லை. மாமாவுக்குச் சுட்டுக் கொடுத்தபடி இருந்தேன், அத்தை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார்கள். அதற்குள் கைக்குப் பதம் பிடிபட்டது. கழுவிய மீனைத் துணியால் ஈரம் போக ஒற்ற வேண்டும். வலையை முதலில் நன்றாகக் காயவிட்டு எண்ணெய்த் துணியால் ஒரு தடவு. போட்ட பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு பக்கம் வெந்தால் மீன் தானாகவே வலையை விட்டுக்கொடுக்கிறது. அதற்கு முன்னால் புரட்டினால்தான் உடைகிறது. பச்சை மிளகாயும் வெங்காயமும் நறுக்கி எலுமிச்சம்பழம் பிழிந்தால் முடிந்தது. மாமா கால் கழுவிவிட்டு வருவதற்குள் தட்டில் இருக்கிறது.

போன வாரம் பஸ் பழுதாகி நான் தாமதமாக வந்தேன். வீட்டு வாசலில் புகை. அத்தையே மீன் வாங்கிக் கழுவி வலையில் போட்டுப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் தூள் தூளாகிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா? இந்தப் பேஜார் புடிச்ச வலையில எனக்கு ஒட்டிக்குது, நீ வந்து போடு. உங்க மாமனாரு கேட்டுக்கினே கீறாரு, எனக்கு இன்னா" என்றார்கள். மீதி இருந்த மீனை நான் சுட்டேன். அப்போது பக்கத்து வீட்டுச் சிட்டம்மாள் வேலி ஓரமாக வந்து, "இன்னா செங்கேணி, தெனைக்கும் சுட்ட மீனாவே கீது? புள்ள துபாயில கீறான், வூட்ல எண்ணைக்கு வக்கில்லியா?" என்று அத்தையைக் கேட்டார். அத்தை அடுப்பை விட்டு நிமிர்ந்து, "அடிப் போடி. எம்புள்ள அங்க வெள்ளக்காரனுக்குச் சுட்டுப் போடற மீனுடி இது. ஒங்க வூட்ல எவளுக்காச்சும் இத ஒடையாம புரட்டத் தெரியுமா?" என்றார்கள். சொன்னதோடு நிற்காமல் ஒரு மீனை இலையில் வைத்து வேலிக்கு மேலாக நீட்டினார்கள். அன்று அத்தையும் சாப்பிட்டார்கள். முள்ளைக்கூடச் சப்பாமல் போடவில்லை.

ஆகவே ராத்திரிச் சோற்றுப் பிரச்சினை இப்போது இந்த வீட்டில் இல்லை. அத்தையிடமே கேட்டேன், இனி நான் வேலைக்குப் போகலாமா என்று. "எனக்கு ஒண்ணுமில்லடி. ஆனா அவன் எய்திட்டானே. புள்ள பேச்சுக்கு மேல நான் எப்பிடிப் போறது" என்றார்கள்.

மண்டியைப் பற்றி உங்களுக்கு நான் எதுவுமே எழுதியதில்லை. அந்தத் தெருவில்தான் எங்கள் அப்பா நெல் மூட்டை தூக்கினார். இப்போது மூட்டை எடை போட்டதும் ஆட்கள் என் மேசைக்கு வந்து சொல்கிறார்கள், நான் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். மேடம் என்று கூப்பிடுகிறார்கள். தலையை நிமிர்த்த வெட்கமாக இருக்கிறது, ஆனால் பிடித்திருக்கிறது. கௌஸ் பாய் தன் தம்பி மண்டிக் கணக்கையும் என்னிடமே தருவதாகச் சொல்லி, கிறிஸ்துமஸுக்குப் பிறகும் வருவாயா அம்மா என்று கேட்டார். வருவேன் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னதற்குத் திட்ட வேண்டுமானால் திட்டுங்கள். சொன்ன வார்த்தையை நான் திரும்ப வாங்கப்போவதில்லை.

அங்கே வெயில் கடுமை என்று டி.வி.யில் சொன்னார்கள். அடுப்பின் முன்னால் நிற்கிற வேலை, தண்ணீர் நிறையக் குடியுங்கள். கையில் சூடு பட்ட இடம் ஆறிவிட்டதா என்று அத்தை கேட்கச் சொன்னார்கள். நானும் கேட்கிறேன். கர்த்தர் உங்களைக் காத்துக்கொள்வாராக என்று தினமும் வேண்டுகிறேன்.

எழுதலாமா வேண்டாமா என்று கடைசிவரை தள்ளி வைத்த ஒன்று இருக்கிறது. அடுத்து உங்கள் அம்மாவுக்கு எழுதும் கடிதத்தில், செவ்வந்தி வேலைக்குப் போகட்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். நான் எதைப் படித்தாலும் அத்தை நம்புவார்கள். அதனாலேயே, நீங்கள் எழுதாத வரியை என்னால் படிக்க முடியாது. எழுதி அனுப்புங்கள்.

தங்கள்
செவ்வந்தி