ஜன்னலில் கட்டிய பனிமலை

அன்புள்ள அக்கா,

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், சுற்றிச் சுற்றி உழைத்த நம் டேபிள் ஃபேன் நேற்று இயற்கை எய்தியது. வெயிலில் வீடே வேகிறது. கவலை வேண்டாம், உன் தம்பி இருக்கிறேன்!

ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பில் நீலமாய்ப் பனிமலை வரைந்து, தண்ணீரில் நனைத்து ஜன்னலில் கட்டினேன். காற்று ஜில்லென்று வந்தது. அப்பாவே அதன் கீழே படுத்துக்கொண்டு, "பரவாயில்லடா, உனக்கும் மூளை இருக்கு" என்றார்.

ஆனால் வரைந்தது வாட்டர்கலரில். அப்பா தூங்கியதும் மலை உருகி அவர் வழுக்கையில் சொட்டிவிட்டது. "என்னங்க, தலையில நீலமா முளைச்சிருக்கு!" என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஞாயிறன்று விடுதியிலிருந்து வருகிறாயாமே. அந்த விரிப்பு, "தொட்டே, தொலைச்சிடுவேன்" என்று நீ அலமாரியில் வைத்துவிட்டுப் போனதுதான். மூன்று தடவை துவைத்தேன். நீலம் போகவில்லை, அக்கா.

இப்படிக்கு,
உன் வாலு