சாக்குத் தைத்தவள் திரும்பிப் போகவில்லை

வர்ஜீனியா, ஆற்றுமுகக் கோட்டை
1862 மார்ச், கடைசி ஞாயிறு

என் அன்புள்ள தாமாருக்கு,

உன் புருஷன் ஐஷம் எழுதுவது. நான் சொல்லச் சொல்ல, முகாமில் செருப்புத் தைக்கும் சைரஸ் எழுதுகிறார். இதைக் கொண்டுவரும் படகோட்டி ஜூபல் உனக்குப் படித்துக் காட்டிவிட்டு அடுப்பில் போட்டுவிடுவான். நீயும் மகள் லெட்டியும் நலமாக இருக்க வேண்டும். நான் சுகம். கப்பல் துறையில் மூட்டை இறக்குகிறேன். குளிரில் வந்த இருமல் விட்டுவிட்டது.

நான் கிளம்பியபோது நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "ஒன்ன மண்ணு வெட்ட வச்சுக்குவாங்க. என்னையும் பிள்ளையையும் வச்சு என்ன செய்வாங்க? துரை வந்து கேட்டா குடுத்துருவாங்க" என்றாய். தெற்குப் படைக்கு அரண் கட்டிவிட்டு ஓடி வந்த அடிமை ஆண்களை, எதிரியின் போருக்குப் பயன்பட்ட பொருள் என்று சொல்லி இந்தக் கோட்டையிலுள்ள வடக்குப் படை திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டது. பெண்களைப் பற்றிக் கேட்டால் இங்குள்ள காப்டன் பேச்சை மாற்றினார். இப்போது உனக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கிறது.

ராட்க்ளிஃப் வீட்டுத் தையற்காரி டெல்ஃபி அக்கா அக்டோபரில் தனியாக இங்கே வந்தாள். யார் என்று வாசலில் காவல்காரன் கேட்டதும், நாம் எல்லோரும் பழக்கத்தில் சொல்வதையே சொன்னாள்: "ராட்க்ளிஃப் துரையோட டெல்ஃபி." அவன் அதை ஏட்டில் எழுதிக்கொண்டான். அதுவே வினையாயிற்று. சில நாளில் அந்தத் துரை சமாதான அடையாளமாக வண்டியில் வெள்ளைத் துணி கட்டி, தெற்குப் படை மேஜர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். என் ஆள் என்று அவளே சொல்லியிருக்கிறாள், இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்றார். இவள் ஊசி பிடித்தவள், மண்வெட்டியைத் தொட்டதே இல்லை என்றும் சொன்னார். காப்டன் தலையைச் சொறிந்தார். அவளை அனுப்பிவிடுவார் என்றே நாங்கள் நினைத்தோம்.

டெல்ஃபி அக்கா துரையைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். "ஏன் துரை, போன கோடை பூரா என்னை என்ன தைக்கச் சொன்னீங்க? அம்மாவுக்குப் பாவாடையா? மணல் மூட்டைக்குச் சாக்குத்தானே தச்சேன்? அந்த மூட்டைக்குப் பின்னாலதானே ஒங்க பீரங்கி பத்திரமா உக்காந்திருக்கு?" காவலுக்கு நின்ற சிப்பாய்கள் சிரித்துவிட்டார்கள்.

சாக்குத் தைத்தது உண்டா இல்லையா என்று காப்டன் கேட்டார். இல்லை என்று துரையால் சொல்ல முடியாது. தன் வீட்டிலிருந்து படைக்கு இத்தனை சாக்கு கொடுத்தேன் என்று ஊரெல்லாம் பெருமை பேசியவர் அவர். பக்கத்தில் நின்ற மேஜரோ அந்தச் சாக்குகளை வாங்கிக்கொண்டவர். வண்டி வெறுமையாகத் திரும்பியது.

அதற்குப் பிறகு வந்த பெண்கள் வாசலிலேயே சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருத்தி அரண் கட்டியவர்களுக்குச் சோளரொட்டி சுட்டவள். ஒருத்தி பட்டாளத்துச் சட்டை வெளுத்தவள். இன்னொருத்தி, "அவங்க குதிரை தின்ன சோளத்துக்கு யாரு களை எடுத்தான்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டாளாம். காப்டன் கேட்பதையே விட்டுவிட்டார். மேலிடத்துக்கு மட்டும் கடிதம் மேல் கடிதம் எழுதினார். இவர்களை என்ன செய்வது, நாளுக்கு நாள் கூட்டம் பெருகுகிறது என்று. பல இடங்களில் இப்படித்தானாம். இந்த மாதம் வாஷிங்டனில் சட்டமே போட்டுவிட்டார்கள். ஓடி வந்தவரைத் திருப்பிக் கொடுக்கும் அதிகாரிக்கு இனி வேலை போய்விடும். அவர்களுக்குத் தாமாகத் தோன்றிய யோசனை இல்லை இது, தாமார். வாசலில் நம் ஆட்கள் வந்து வந்து நின்றதால் ஏதாவது ஒரு பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். விடுதலை என்று இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. நம்மைப் பொருள் என்றுதான் சொல்கிறார்கள். டெல்ஃபி அக்கா அதற்கும் சிரிக்கிறாள். "பொருள்னா இருந்துட்டுப் போறேன். திருப்பிக் குடுக்காத பொருள்தானே" என்கிறாள். கூடாரம் ஒழுகுகிறது. சிப்பாய்களில் முரடர்கள் உண்டு. ஆனால் லெட்டி வயதுப் பிள்ளைகள் காலையில் எழுத்துப் படிக்கிறார்கள். சத்தம் துறை வரைக்கும் கேட்கிறது. இன்னும் எத்தனை பேர் வந்தால் விடுதலை என்ற அந்தச் சொல்லையும் சொல்வார்கள் என்று தெரியாது. நீங்கள் இரண்டு பேரும் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இதைப் படித்துக் காட்டிய இரவே ஜூபல் ஓடைத் திருப்பத்தில், நாணல் மறைவில், படகோடு காத்திருப்பான். லெட்டிக்குக் கம்பளி போர்த்திக் கூட்டி வா. வேறு எதுவும் எடுக்காதே. இங்கே வாசலில் கேட்டால் தாமார் என்று சொல். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

பயமாக இருந்தால் வர வேண்டாம். நான் கோபிக்க மாட்டேன். ஜூபல் படகை வெறுமையாகக் கொண்டு வந்தால், மறுநாள் அதே படகில் நான் உங்களிடம் வருகிறேன்.

கர்த்தர் உங்கள் இருவரையும் தண்ணீரைக் கடக்கச் செய்வாராக.

உன்
ஐஷம்