உன் கை நின்ற இடம் வரை

சாந்தி அக்கா, என் உயிரே,

பயறு அறுத்தாயிற்று. யாரிடம் முதலில் சொல்வது என்று தெரியாமல் உனக்கு எழுதுகிறேன்.

சுனாமியில் கடல் ஏறி, பல வருடம் எதுவும் முளைக்காமல் கிடந்த நம் அந்தமான் சிப்பிகாட் வயல் இது. "இந்தத் தடவையும் காஞ்சா நெலத்த விட்டுட்டு மெயின்லேண்டுக்குக் கப்பலேறிருவோம்" என்றார் அத்தான். நீயோ, விவசாய ஆபீசில் தந்த கறுப்பு நுண்ணுயிர்ப் பொடியை ஆறின கஞ்சியில் குழைத்துப் பாசிப்பயறில் பிசிறினாய். வேரோடு ஒட்டி வாழும் நல்ல கிருமி, மழை நின்றாலும் செடியைத் தாங்கும் என்றாய். பச்சைப் பயறெல்லாம் கறுத்துவிட்டது. பக்கத்து வீட்டு வங்காளி மீரா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"க்யா தீதி, பயறுக்கும் காஜல் மையா? மாப்ள எப்ப வர்றான்?"

"வருவான். நீ வந்து பந்தி பரிமாறு" என்றாய். அவ்வளவு சிரித்தாய்.

அன்றன்று விதைப்பதை அன்றன்று பூச வேண்டும் என்பதால் பாதி வயலுக்குத்தான் பூசினாய். பாதி விதைத்துவிட்டு வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதே. மீராதான் சோறும் கஞ்சியும் கொண்டுவந்தாள். குடித்தோம். அந்தக் கஞ்சியில் கொஞ்சம் எடுத்துப் பொடியைக் குழைத்துப் பயறில் பிசிறலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அக்கா. மறுநாள் அத்தான் வெறும் பயறை எடுத்துக்கொண்டு வயலுக்குக் கிளம்பினார்.

"காரியம்கூட முடியல, வெதைக்கப் போறியாப்பா?" என்றார் சித்தப்பா.

"மண்ணு ஈரம் காரியம் முடியிற வரைக்கும் நிக்குமா? அவ ஆரம்பிச்சது" என்றார் அத்தான்.

அதற்குப் பிறகு ஒரு மழை இல்லை. வெறும் பயறு விழுந்த பாதி மஞ்சளாகிப் பூவை உதிர்த்தது. உன் பாதி மத்தியானம் துவளும், சாயங்காலம் நிமிர்ந்துவிடும். ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சு, நீ சொன்ன நல்ல கிருமி குடியிருக்கும் வீடு. நகத்தால் கீறினால் உள்ளே ரோஜா நிறம். நீ பார்த்தாயா, எங்கிருந்தாவது?

நடுவில் வரப்பு கிடையாது. ஆனாலும் உன் கை எங்கே நின்றது என்று வயலே காட்டியது. அந்த இடத்தில் அத்தான் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நீ போன அன்றுகூட அழாதவர்.

"இன்னும் ஒருநா இருந்துட்டுப் போயிருக்கக் கூடாதா இவ?"

எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் மீரா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனாள்.

கப்பல் பேச்சை அத்தான் விட்டுவிட்டார். உன் பாதியில் விளைந்ததை மட்டும் விதைக்கு எடுத்து வைத்திருக்கிறார். கஞ்சி எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் அக்கா? பக்கத்திலேயே இருந்தும் நான் கேட்டு வைக்கவில்லையே.

தெரியாவிட்டாலும் பூசுவேன். வருகிற தையில் நீ விட்ட இடத்திலிருந்து நான் விதைத்துப் போகிறேன், கடைசி வரப்பு வரைக்கும்.

உன் கூடப் பிறந்தவள்,
வாசுகி