விழுந்தவர் கை ஊன்றவில்லை

செவ்வாய்க்கிழமை, இரவு

எலும்பு முறியவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. எழுதிக்கொண்டிருக்கும் நாவல் அவ்வளவுதான் என்று பயந்து, நகரியிலிருந்து ஆட்டோ பிடித்துப் புத்தூர் போனேன். அங்கே எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர் தடவிப் பார்த்தார்.

"வெறும் சுளுக்குதான்மா. விழறப்போ கைய ஊனிக்கினியா?"

"தெரியல. தானா ஊனிக்கிச்சு."

"நெனவு இருக்கிறவன் யாரா இருந்தாலும் ஊனுவான்."

எனக்கு வலியே மறந்துவிட்டது. பழங்காப்பியத்தில் நாலு வரியில் வந்துபோகும் தோழி ஒருத்தியை என் நாவலில் துப்பறிய விட்டிருக்கிறேன். அமைச்சர் கோட்டை மதிலிலிருந்து தவறி விழுந்து இறந்தார் என்று ஊரே நம்புகிறது. அது கொலை என்று அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்? மூன்று மாதமாக அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை.

"ஊனலைன்னா?" என்றேன்.

"அப்போ விழறதுக்கு முன்னாடியே செத்துக்கீறான், இல்ல மயங்கிக்கீறான்." துணி சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "யாரும்மா அது?"

கதையைச் சொன்னேன். கட்டி முடித்த பிறகும் விடவில்லை. "கொன்னது யாரு? சொல்லிட்டுப் போ."

சொல்லவில்லை. எனக்கே இன்னும் இரண்டு பேர்மேல் சந்தேகம்.

அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்ததும் அந்த அத்தியாயத்தை எழுதிவிட்டேன். கட்டுக் கையோடு எழுத்து கோணல்மாணலாக வருகிறது, வரட்டும். தோழி விளக்கைக் கிட்டே கொண்டுபோய், அமைச்சரின் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்க்கிறாள். ஒரு சிராய்ப்புகூட இல்லை.