மாமாவின் எலுமிச்சம்பழக் காவல்

ஞாயிறு, இரவு

புத்தூர் வாழ் பெருமக்களுக்கு அறிவிப்பு: எங்கள் மாமாவின் புது பைக்கை இன்று மதியம் முதல் காணவில்லை.

மாமா பூட்டு வாங்கவில்லை. பூஜை போட்ட அன்று ஹேண்டிலில் எலுமிச்சம்பழ மாலை கட்டினார். தொலையக்கூடாதென்று இரண்டாவது சாவியையும் அந்த மாலைக்குள்ளேயே முடிந்து வைத்தார். திருடனை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற புத்திசாலி! கேட்டால், "சாமி கீறாரு, இன்சூரன்ஸ் கீது. பூட்டு எதுக்குடா?" என்றார்.

புத்தி வரட்டுமென்று அதே சாவியால் நான்தான் வண்டியைக் கிளப்பி, நண்பன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஒளித்தேன்.

மாமா இன்சூரன்ஸ்காரருக்குப் போன் போட்டார். "ரெண்டு சாவியும் குடுக்கணும் சார், அப்பதான் க்ளைம்" என்றார் அவர்.

"இன்னொரு சாவி எங்கய்யா?" என்றாள் அத்தை.

"வண்டியிலதான் கீது..."

மாமாவின் முகம் வாடிய எலுமிச்சையாகச் சுருங்கியது. நான் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு சிரித்தேன்.

காலையில் போலீசுக்குப் போகிறாராம். அதற்குள் வண்டி வாசலில் நிற்க வேண்டும். ஆனால் மகா கெட்டிக்காரனான நான், யாரும் திருடிவிடக் கூடாதென்று வண்டியைக் கொட்டகைத் தூணோடு நம்பர் பூட்டால் பூட்டியிருக்கிறேன். சாயந்திரம் போய் வெகுநேரம் பூட்டை உருட்டிப் பார்த்தேன்.

நம்பர் மறந்துவிட்டது.