பக்கத்து வீட்டுப் பெண் என்றேன்

அன்பு மகள் ஷரீபுன்னிசாவுக்கு, மஸ்கட்டிலிருந்து அம்மாவின் சலாம். முட்டிவலி தேவலை. உங்கள் சுகத்துக்கு தினமும் துஆ கேட்கிறேன்.

பேத்தி ஹம்னா நர்ஸானதையும், பேரன் அஹத் இன்ஜினீயரிங் முடித்ததையும் நான் சமைக்கும் இந்த வீட்டில் சொல்லாத நாளில்லை. நேற்று இந்த வீட்டுச் சின்னப்பெண் ஷீலா, "ஃப்ளையிங் கலர்ஸோட பாஸ்னு சொல்லுங்க ஆயா" என்றாள். கலர்ஸ் என்றால் கொடியாம். அந்தக் காலத்தில் கடல்சண்டையில் ஜெயித்த கப்பல் கொடி பறக்கத் துறைமுகம் வருமாம், தோற்றது கொடியை இறக்கிவிடுமாம். அதிலிருந்து வந்த இங்கிலீஷ் பேச்சாம். பெருமை தாங்காமல் நம் குடும்பப் போட்டோவைக் காட்டினேன்.

"ஓரத்துல நிக்கிற அக்கா யாரு?"

பிளஸ் டூவில் இரண்டு தரம் தவறிய நம் ஆயத்.

"அதுவா? பக்கத்து வூட்டுப் பொண்ணு" என்றுவிட்டேன்.

அதிலிருந்து சோறு இறங்கவில்லை. நம்ம ஊர் கோவளத்தில் வெறும் வலையோடு வரும் படகையும் நாலு பேர் இறங்கித்தானே கரைக்கு இழுக்கிறார்கள்! போனில் சொல்ல நா எழவில்லை, அதனால் எழுதுகிறேன். ஆயத்துக்குத் தெரிய வேண்டாம்.

யாராவது இங்கே வந்தால் கொஞ்சம் கருவாடு கொடுத்தனுப்பு. உலை கொதிக்கிறது, நிறுத்துகிறேன். ஆயத்தை நடுவில் நிறுத்திப் புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. ஷீலாவிடம் காட்டி, நான் சொன்னது பொய், இவள் என் பேத்தி என்று சொல்ல வேண்டும்.